எதற்கும் அர்த்தம் இல்லை என்றால், அப்புறம் என்ன?

நள்ளிரவுத்தேத்தண்ணி:

முதலே சொல்லிவிடுகிறேன், நான் மனம் உடைந்துபோய் இதை எழுதவில்லை. வேலை இருக்கிறது, நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், ஞாயிற்றுக்கிழமைகளில் கிரிக்கெட். ஒரு வாதம் தலைக்குள் புகுந்துவிட்டது. அதை எப்படி மறுப்பது என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

கொழும்பில் பம்பலப்பிட்டியில் இருந்து தெஹிவளை வரை காலி வீதியால் நடந்தால் கோயில், விகாரை, தேவாலயம், பள்ளிவாசல் எல்லாமே வழியில் வரும். வாழ்க்கை எதற்கு என்பதற்கு ஒவ்வொரு வாசலிலும் ஒரு விடை. ஒன்றுக்கொன்று ஒத்துவராத விடைகள். எல்லாமே சரியாக இருக்க முடியாது, எல்லாமே பிழையாக இருக்கலாம்.

சரி, மதத்தை விடுவோம். பூமிக்கு வயது ஏறத்தாழ 450 கோடி ஆண்டு. மனித இனத்துக்கு 3 இலட்சம் ஆண்டளவில். இன்னும் சுமார் 500 கோடி ஆண்டில் சூரியன் வீங்கிச் செந்நிறப் பெருமீனாகும். அதற்கு வெகுமுன்பே கடல்கள் வற்றிவிடும். அப்போது நான் கட்டிய லோனும் எழுதிய கவிதையும் எங்கே? இந்தப் பெரிய பிரபஞ்சத்தில் நாங்கள் ஒரு தூசி. இங்கே அணு இருக்கிறது, விசை இருக்கிறது. ‘நல்லது’, ‘பெறுமதியானது’ என்று ஒன்று எங்கேயாவது இருக்கிறதா? 1977இல் ஜே. எல். மாக்கி என்ற தத்துவவாதி இதைத்தான் கேட்டார். அப்படி ஒன்று இருந்தால் அது உலகத்தில் உள்ள வேறு எதைப்போலவும் இல்லாத விசித்திரப் பொருளாக அல்லவா இருக்கவேண்டும் என்றார். பரிணாமம் சில உணர்ச்சிகளைத் தந்தது, நாங்கள் அவற்றுக்கு மதிப்பு என்று பெயர் வைத்துக்கொண்டோம்.

தயவுசெய்து “உன் அர்த்தத்தை நீயே உருவாக்கிக்கொள்” என்று யாரும் எழுதவேண்டாம். காசை இஷ்டத்துக்கு அச்சடித்தால் என்ன நடக்கும் என்று 2022இல் இந்த நாட்டில் எல்லாரும் பார்த்தோம்.

கல்லுருட்டி:

காசுக் கதை சூப்பர் 😂 ஆனால் பிரெஞ்சு எழுத்தாளர் காம்யுவைத் தொடாமல் இந்தத் தலைப்பைத் திறந்தது குற்றம். 1942இல் அவர் எழுதியதைப் பாருங்கள். கிரேக்கப் புராணத்துச் சிசிபஸ், தெய்வங்கள் தந்த தண்டனையாக, கல்லை மலைமேல் உருட்டுகிறான், கல் கீழே வருகிறது, திரும்ப உருட்டுகிறான். முடிவே இல்லை. அர்த்தம் இருக்கிறது என்று காம்யு எங்கேயும் சொல்லவில்லை. மனிதன் கேட்கிறான், உலகம் வாயைத் திறக்காது. அந்த இரண்டும் மோதுகிற இடம்தான் அபத்தம். அதை முழுக்கத் தெரிந்துகொண்டே உருட்டுகிறவனை சந்தோசமானவன் என்று நினைக்கவேண்டும் என்று முடிக்கிறார். நான் தினமும் புறக்கோட்டைக்கு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவது இந்த நம்பிக்கையில்தான்.

நள்ளிரவுத்தேத்தண்ணி:

“நினைக்கவேண்டும்” என்றால் ஏன்? எதிலுமே ‘வேண்டும்’ இல்லை என்றுதானே தொடங்கினோம். கடைசிப் பக்கத்தில் அதைப் பின்கதவால் உள்ளே எடுக்கிறார். அழகான எழுத்து, ஒத்துக்கொள்கிறேன். வாதம் எங்கே?

சும்மா:

இதெல்லாம் வயிறு நிறைந்தவன் கதை. பசி வந்திடப் பத்தும் பறந்துபோம். அரிசி விலை பார்த்தீர்களா?

கொட்டாஞ்சேனையான்:

‘சும்மா’ தம்பிக்கு முதலில். வயிறு நிறைந்தவன் கதை என்றால் என்ன, வயிறு நிறைந்த பிறகும் வருகிற கேள்வி என்றால் அது இன்னும் பெரிய கேள்வி அல்லவா? டால்ஸ்டாய்க்கு நிலம் இருந்தது, பிள்ளைகள் இருந்தார்கள், உலகப் புகழ் இருந்தது. ஐம்பது வயதை ஒட்டி, “எதற்கு? அப்புறம் என்ன?” என்ற கேள்வி பிடித்துக்கொண்டது. தனியாக இருக்கும் அறையில் கயிறு இருக்கக்கூடாது என்று ஒளித்துவைத்தார், துவக்கோடு வேட்டைக்குப் போவதை நிறுத்தினார். தன் வாக்குமூலத்தில் அவரே எழுதியது. அதில் ஒரு கிழக்கத்தியக் கதையும் சொல்கிறார். கிணற்றுக்குள் கிளையைப் பிடித்துத் தொங்குகிறவன், மேலே மிருகம், கீழே வாயைத் திறந்த பாம்பு, கிளையைக் கடிக்கும் இரண்டு எலிகள், இலையில் வடியும் தேனை அவன் நக்குகிறான். பிள்ளைகளே, அது எங்கள் ஊர்ச் சரக்கு. மகாபாரதத்தில் விதுரன் திருதராட்டிரனுக்குச் சொல்கிற கதை. போர் முடிந்து நூறு பிள்ளைகளும் செத்தபின் சொல்கிறான். சொல்வதற்கு என்ன நேரம் பார்த்தான் பாருங்கள்!

புறநானூறு 194ஐயும் ஒருக்கால் எடுத்துப் பாருங்கள். பக்குடுக்கை நன்கணியார் பாடியது. ஒரு வீட்டில் சாவுப்பறை, ஒரு வீட்டில் மணமுழவு. இப்படி ஒரு உலகத்தைப் படைத்தவனை அவர் நேரடியாகத் திட்டுகிறார்:

படைத்தோன் மன்ற, அப் பண்பிலாளன்!
இன்னாது அம்ம, இவ்வுலகம்;
இனிய காண்க, இதன் இயல்புணர்ந்தோரே.

போன மாதம் எங்கள் ஒழுங்கையில் ஒரு கரையில் செத்தவீட்டு வெள்ளைக்கொடி, எதிர்க்கரையில் சாமத்தியவீட்டு வாழைமரம். இரண்டு வீட்டுக்கும் ஒரே கடையில் இருந்துதான் பிளாஸ்டிக் கதிரை வந்தது. கதிரைக்காரப் பொடியன் எந்த வீட்டுக்கு எத்தனை என்று வெயிலில் நின்று குழம்பிக்கொண்டிருந்தான். நன்கணியார் இருந்திருந்தால் அவனையும் பாட்டில் போட்டிருப்பார்.

மட்டுறுத்துநர்:

கயிறு, துவக்கு என்று பேச்சு வந்ததால் ஒரு வரி. இந்த இழையை வாசிக்கும் யாருக்காவது இது தத்துவமாக இல்லாமல் உயிர்ப் பிரச்சினையாக இருந்தால், தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கம் 24 மணித்தியாலமும் எடுக்கலாம். தற்கொலைத் தடுப்பு அமைப்பான சுமித்ரயோவும் இருக்கிறது. விவாதம் தொடரட்டும்.

நள்ளிரவுத்தேத்தண்ணி:

நல்லது, அந்த இலக்கம் இங்கே இருக்கட்டும். ஆனால் “அர்த்தம் இல்லை” என்று சொன்ன உடனே சொன்னவனை நோயாளி ஆக்குவதும் ஒரு தப்பித்தல்தான். டால்ஸ்டாய்க்கு மனச்சோர்வு இருந்திருக்கலாம். அதனால் அவர் கேட்ட கேள்வி பிழையாகிவிடுமா?

ஐயா, பாட்டு அருமை. ஆனால் நன்கணியார் இன்னாது என்று ஒத்துக்கொண்டுவிட்டு இனிய காண்க என்கிறார். காம்யு செய்த அதே வேலை.

மணிபல்லவம்:

கேள்வி நோயாகாது, சரி. ஆனால் உங்கள் முதல் பதிவில் மூன்று வாதம் ஒன்றாகக் கட்டுண்டு கிடக்கிறது. பிரித்துப் பார்த்தால் இரண்டு அவ்வளவு பலமில்லை.

முதலாவது, காலம். 500 கோடி ஆண்டில் ஒன்றும் மிஞ்சாது, ஆகவே இன்று எதுவும் முக்கியமில்லை. தாமஸ் நேகல் என்ற தத்துவவாதி 1971இல் எழுதிய கட்டுரையில் இதைத் திருப்பிப் போடுகிறார். பத்து இலட்சம் ஆண்டுக்குப் பிறகு நடப்பது இப்போது முக்கியமில்லை என்றால், அப்போது எதுவும் முக்கியமாக இருக்காது என்கிற விசயமும் இப்போது முக்கியமில்லை. இன்னொரு பக்கமும் உண்டு. நீங்கள் சாகாமல் என்றென்றைக்கும் வாழ்ந்தால் சரியாகிவிடுமா? அர்த்தமில்லாத வாழ்வு நீண்டால், அது நீளமான அர்த்தமில்லாத வாழ்வு.

இரண்டாவது, அளவு. நாங்கள் சின்னவர்கள், பிரபஞ்சம் பெரிது. சரி, நீங்கள் ஒரு விண்மீன் மண்டலத்தின் அளவுக்கு வளர்ந்துவிட்டால் உங்கள் வாழ்க்கைக்கு அர்த்தம் வந்துவிடுமா? வராது என்றால் சின்னதாக இருப்பதும் பிரச்சினை இல்லை.

மூன்றாவது மாக்கியின் வாதம். அது மட்டும்தான் உண்மையாகக் கடிக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். பரீட்சைத் தாள் திருத்த இருக்கிறது.

கல்லுருட்டி:

அக்கா பாடம் எடுக்கத் தொடங்கிவிட்டார், கொப்பியைத் திறவுங்கள்.

தன்சல்வரிசை:

ஒரு சின்னச் சந்தேகம். புத்த தர்மமும் இதைத்தானே சொல்கிறது, எல்லாம் சூனியம், எல்லாம் துக்கம் என்று? வெசாக்குக்கு வெளிச்சக்கூடு பார்க்கப் போகும்போதெல்லாம் யாராவது ஒருவர் இப்படிச் சொல்லுவார்.

மணிபல்லவம்:

சொல்லுவார்கள், ஆனால் பாளி நூல்களில் கதை நேர்மாறு. தேத்தண்ணித் தம்பியின் நிலைப்பாட்டை அப்படியே எடுத்த ஒருவர் சாமஞ்ஞபல சூத்திரத்தில் வருகிறார், அஜித கேசகம்பலி. தானத்துக்குப் பலன் இல்லை, நல்வினை தீவினைக்கு விளைவு இல்லை, மூடனும் ஞானியும் உடல் அழிந்ததும் ஒன்றும் இல்லாமல் போகிறார்கள் என்பது அவர் கட்சி. புத்தர் அதை ஏற்கவில்லை. என்றும் நிலைக்கிறது என்பது ஒரு அந்தம், முற்றாக அறுந்துபோகிறது என்பது மறு அந்தம், இரண்டையும் விலக்கு என்பதுதான் அங்கே பேச்சு. மகாயான பௌத்தத் தத்துவவாதி நாகார்ஜுனரின் சூனியமும் ‘ஒன்றுமில்லை’ அல்ல. எதுவும் தன்னந்தனியாக, எதையும் சாராமல் இல்லை என்பதுதான். எதுவுமே பெறுமதியில்லை என்று நினைப்பவர்கள் வெசாக்குக்குத் தன்சல் போட்டு, வெயிலில் நின்று ஊருக்கே சோறும் ஐஸ்கிரீமும் இலவசமாகக் கொடுப்பார்களா? அந்த வரிசையில் நின்றுகொண்டா இதைக் கேட்கிறீர்கள்!

இரவுப்பணி:

நான் தத்துவம் படித்தவள் இல்லை. அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் தாதி. இரவு வேலையில் இந்த இழையை வாசித்தேன், ஒன்று சொல்லவேண்டும்போல இருந்தது.

எங்கள் வார்ட்டில் ஒரு வயசாளி ஐயா. நுரையீரல் முடிந்துவிட்டது, ஒட்சிசன் மாஸ்க், கதைக்க முடியாது. இனி நாட்கள்தான் என்று எல்லாருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பார்க்க வருகிறவர்களும் இல்லை. ஒரு இரவு கையைத் தூக்கிச் சின்ன விரலைக் காட்டினார். சேலைனில் ஏதோ பிரச்சினை என்று நினைத்துக் கிட்டப் போய்ப் பார்த்தால், நகம் நடுவில் வெடித்து ஒரு கரை எழும்பி நிற்கிறது. போர்வை நூல் அதில் கொழுவிக்கொள்கிறது. கையை அசைக்கும்போதெல்லாம் நூல் இழுபட, அவர் முகம் சுளிக்கிறது. நகவெட்டி தேடி எடுத்து வெட்டினேன், கரையை அராவி விட்டேன். அவர் அந்த விரலைப் பெருவிரலால் இரண்டு மூன்று தரம் தடவிப் பார்த்தார். பிறகு மற்றக் கையையும் நீட்டினார், அதையும் வெட்டினேன். அடுத்த நாள் பின்னேரம் போய்விட்டார்.

சூரியன் வீங்குமா சுருங்குமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அதை வெட்டாமல் விட்டிருந்தால் அது பிழை. எப்படியும் சாகப்போகிறவர் என்பதற்காக அது பிழை இல்லாமல் போகாது.

கொட்டாஞ்சேனையான்:

பிள்ளை, நன்றாக எழுதியிருக்கிறாய்.

நள்ளிரவுத்தேத்தண்ணி:

அக்கா, இதற்குச் சும்மா பதில் போட எனக்கு விருப்பமில்லை, நேற்று முழுக்க யோசித்தேன். அந்த வலி அவருக்குக் கெட்டது. அதை மறுக்க மாட்டேன், மறுக்கிறவனை நம்பவும் மாட்டேன். ஆனால் அது அவருக்குக் கெட்டது, அவ்வளவுதான். பிரபஞ்சத்துக்கு அது கெட்டதும் இல்லை, நல்லதும் இல்லை. நகம் நூலில் கொழுவினாலும் கொழுவாவிட்டாலும் நட்சத்திரங்கள் அதே பாட்டில் எரியும்.

மணிபல்லவம்:

பிரபஞ்சத்தை யார் கேட்டது?

உண்மையாகவே கேட்கிறேன். கடவுள் இல்லை என்று சொல்லி ஒருவரை நீதிபதிக் கதிரையில் இருந்து இறக்கினீர்கள். கதிரையை அங்கேயே விட்டுவிட்டு அதில் பிரபஞ்சத்தைக் குந்தவைத்திருக்கிறீர்கள். அதற்குக் காதும் இல்லை, கருத்தும் இல்லை. அது ‘முக்கியம்’ என்று சொல்லவில்லை, உண்மை. ‘முக்கியமில்லை’ என்றும் சொல்லவில்லையே! அதன் மௌனத்தை ஏன் உங்கள் பக்கத்துக்குத் தீர்ப்பாக எடுக்கிறீர்கள்?

ஜெர்மன் தத்துவவாதி நீட்சேயைச் சிலர் சூனியவாதத்தின், அதாவது எதற்கும் அர்த்தமில்லை என்கிற கட்சியின், தலைவராக நினைக்கிறார்கள். அவர் அதை நோயாகப் பார்த்தவர், அதைக் கடப்பதற்கு வழி தேடியவர். 1882இல் வந்த நூலில் பட்டப்பகலில் விளக்கோடு சந்தைக்கு ஓடிவரும் பைத்தியக்காரன், கடவுள் செத்துவிட்டார் என்று கொண்டாடவில்லை, பதறுகிறான். சிரிப்பது சந்தையில் நிற்கும் நாத்திகர்கள்தான். 1887 குறிப்பு ஒன்றில் நீட்சே சொல்வது இந்த இழைக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல இருக்கிறது. ஒரே ஒரு விளக்கம் விழுந்தது. ஆனால் அதுவே ஒரே விளக்கம் என்று இவ்வளவு காலமும் எண்ணியிருந்ததால், அது விழுந்ததும் அர்த்தம் என்பதே எங்கும் இல்லைபோலத் தோன்றுகிறது.

இனி உங்கள் காசுக் கதை. ஒருவன் தன் அறையில் தனியாக அச்சடித்தால் செல்லாது, சரி. ஆனால் ரூபாயின் பெறுமதி எந்த நட்சத்திரத்திலும் எழுதப்பட்டிருக்கவில்லை. மாக்கியின் கண்ணுக்கு அதுவும் விசித்திரப் பொருள்தான், பௌதிகத்தில் அதற்கு இடமில்லை. அப்படியிருந்தும் 2022 மார்ச்சில் டொலர் 200 ரூபாயில் இருந்து ஏறத்தாழ 300 வரை போனபோது, “அது வெறும் மனித உணர்ச்சி, உண்மையில் ஒன்றும் விழவில்லை” என்று யாராவது சொன்னோமா? மனிதருக்கு இடையில் இருப்பதாலேயே ஒன்று பொய்யாகாது.

நள்ளிரவுத்தேத்தண்ணி:

என் காசை வைத்தே எனக்கு அடி. ஆனால் இதில் ஓட்டை இருக்கிறது. எல்லாரும் சேர்ந்து கைவிட்டால் ரூபாய்க்குப் பெறுமதி இல்லை. அப்போ எல்லாரும் சேர்ந்து அந்த ஐயாவின் வலி முக்கியமில்லை என்று முடிவெடுத்தால்? இந்த நாட்டில் ஒரு கூட்டம் மற்றக் கூட்டத்தின் வலியைப் பற்றி அப்படித்தானே முடிவெடுத்தது? 83 கலவரத்தில் இதே கொழும்பில், வெள்ளவத்தையில் தமிழர் வீடு எரியும்போது றோட்டில் நின்று கைதட்டியவர்களுக்கு இடையிலும் ஒரு ‘உடன்பாடு’ இருந்தது.

மணிபல்லவம்:

இருந்தது. அவர்கள் பிழை செய்தார்கள்.

கவனியுங்கள், இந்த ஆட்சேபத்தை எழுப்பியது நீங்கள். உடன்பாடு இருந்தாலும் அது பிழை என்று நீங்கள் நினைக்காவிட்டால் இந்த உதாரணம் உங்களுக்கு உதவாது. எதுவும் முக்கியமில்லை என்பவருக்கு 83 ஒரு எதிர்வாதமே இல்லை, வெறும் சம்பவம். ஆகவே காசு ஒப்புமை ஒரு எல்லைவரைக்கும்தான் வரும், அதற்கு அப்பால் வலி தன் காலில் நிற்கிறது. இரவுப்பணி அக்கா சொன்னதும் அதுதான், நான் சுற்றி வருகிறேன்.

சும்மா:

சரி அப்போ கேட்கிறேன். தேத்தண்ணித் தம்பி 2022இல் காலிமுகத்திடல் போராட்டத்துக்குப் போனாரா இல்லையா?

நள்ளிரவுத்தேத்தண்ணி:

போனேன். கூடாரத்தில் இரவும் தங்கினேன். மழையில் நனைந்துகொண்டு தண்ணீர்ப் போத்தல் சுமந்தேன். ஏன் போனாய் என்று கேட்கப்போகிறீர்கள், தெரியும். கோபம் வந்தது, போனேன். கோபத்துக்குப் பரிணாமக் காரணம் இருக்கிறது. அது நியாயமானது என்று பிரபஞ்சம் முத்திரை குத்தவேண்டியதில்லை.

சும்மா:

முத்திரை இல்லாமலே மழையில் நின்றிருக்கிறீர். எனக்கு இது காணும்.

கொட்டாஞ்சேனையான்:

இதில் ஒரு பழைய வேடிக்கை இருக்கிறது. ‘நிகிலிஸ்ட்’, அதாவது சூனியவாதி, என்ற பெயரை உலகத்துக்குப் பரப்பியது துர்கனேவ் 1862இல் எழுதிய நாவல். அதில் பசாரொவ் என்ற மருத்துவ மாணவன், எதையும் நம்பாதவன், தவளையை அறுத்துப் பார்ப்பதை மட்டும் நம்புகிறவன். ரஷ்ய இளைஞர் கூட்டம் அந்தப் பெயரைச் சட்டைபோல மாட்டிக்கொண்டது. எதையும் நம்பாதவர்கள் என்று பெயர் வாங்கிய அந்தத் தலைமுறையில் எத்தனை பேர் நம்பிக்கைக்காகச் சிறைக்கும் தூக்குமேடைக்கும் போனார்கள்! 1881இல் இரண்டாம் அலெக்சாந்தர் சக்கரவர்த்தியைக் குண்டு வீசிக் கொன்றவர்களையும் வெளிநாட்டுப் பத்திரிகைகள் நிகிலிஸ்ட் என்றுதான் எழுதின. கொலை நல்லது என்று சொல்லவரவில்லை. நூற்றுக்கு நூறு ஒன்றுமில்லை என்று இருக்கிறவன் வெடிகுண்டும் வைக்கமாட்டான், போராட்டத்துக்கும் வரமாட்டான், இங்கே வந்து இவ்வளவு நீளத்துக்கு எழுதவும் மாட்டான்.

நள்ளிரவுத்தேத்தண்ணி:

ஐயா, நான் வாழ்வதற்கும் என் வாதத்துக்கும் பொருந்தவில்லை என்பதால் வாதம் பிழையாகாது. சிகரெட் கூடாது என்று சொல்லிக்கொண்டே புகைக்கிற டொக்டர் சொல்வது உண்மைதான்.

கல்லுருட்டி:

அது சரிதான். நான் இந்தமுறை தேத்தண்ணி பக்கம்.

அக்காவிடம் ஒரு கேள்வி. ரிச்சர்ட் டெய்லர் 1970இல் சிசிபஸ் கதையில் ஒரு மாற்றம் செய்தாரே. தெய்வங்கள் இரங்கி, கல் உருட்டுவதில் அவனுக்கு அடங்காத ஆசை வரும்படி உடம்புக்குள் எதையோ ஏற்றிவிடுகிறார்கள். இப்போது அவன் ஆசைப்பட்டதையே செய்கிறான். டெய்லரின் முடிவு, அர்த்தம் உள்ளே இருந்துதான் வருகிறது என்பது. எனக்கு இது பயமாக இருக்கிறது. என் ரூம்மேட் இரவு முழுக்க ரீல்ஸ் தள்ளிக்கொண்டு மிகவும் சந்தோசமாக இருக்கிறான்.

மணிபல்லவம்:

பயப்படத்தான் வேண்டும். சூசன் வுல்ஃப் அந்த இடத்தில்தான் டெய்லரோடு பிரிகிறார். உள்ளே ஆசை இருந்தால் போதாது, ஆசைப்படுகிற பொருளும் ஆசைப்படத் தகுந்ததாக இருக்கவேண்டும், இரண்டும் சந்திக்கும் இடத்தில் அர்த்தம் என்கிறார். எது ‘தகுந்தது’ என்பதற்கு அவர் பட்டியல் தரவில்லை. அது பலவீனம் என்று தம்பி சொல்வார். எனக்கு அது நேர்மையாகப் படுகிறது.

மாக்கி கடன் இன்னும் இருக்கிறது. பரிணாமம்தான் எங்களுக்கு இந்த உணர்ச்சிகளைத் தந்தது, உண்மை. கண்ணையும் அதுதான் தந்தது, கணக்கையும் அதுதான் தந்தது. மூலம் பரிணாமம் என்பதால் மட்டும் கண் காண்பது பொய்யாகாது. ஆனால் 2006இல் ஷரன் ஸ்ட்ரீட் இதற்கு ஒரு கூர்மையான பதில் எழுதினார். சிறுத்தையைச் சரியாகக் கண்டவன் பிழைத்தான், ஆகவே கண் உண்மையைத் தொடரவேண்டியிருந்தது. மதிப்புகளுக்கு அப்படி இல்லை. பிள்ளையைக் காக்கும் ஆசை இருந்தால் இனம் பிழைக்கும், அந்த ஆசை ‘உண்மை’யாக இருக்கத் தேவையில்லை. இந்தக் கத்திக்கு என்னிடம் முழுக் கேடயம் இல்லை. ஆனால் ஸ்ட்ரீட்டும் ஆகவே எதுவும் முக்கியமில்லை என்று முடிக்கவில்லை. மதிப்பு, மதிப்பவரைச் சார்ந்தது என்றுதான் முடித்தார். அந்த முடிவோடு ஒரு முழு வாழ்க்கையை நடத்தலாம்.

இரவுப்பணி:

அக்கா சொல்வதில் பாதி விளங்குது. மற்றப் பாதியை நைட் முடிந்து வாசிக்கிறேன்.

நள்ளிரவுத்தேத்தண்ணி:

காலம், அளவு என்ற இரண்டு வாதத்தையும் நான் இனித் தூக்கிப் பிடிக்கப்போவதில்லை. நேகல் கட்டுரை எங்கே கிடைக்கும், அக்கா? பிரபஞ்ச அளவில் அர்த்தம் இல்லை என்பது என்னளவில் அப்படியே நிற்கிறது. “அப்புறம் என்ன” என்று தலைப்பில் கேட்டதற்கு, பயப்பட்ட அளவுக்கு ஒன்றும் வராதுபோல.

ஆனால் இதில் இருந்து உங்களுக்கு ஒரு தலையிடி தரப்போகிறேன். வலி தன் காலில் நிற்கிறது என்று ஒத்துக்கொள்ள வைத்தீர்கள். சரி, அப்போ டேவிட் பெனட்டார்? 2006இல் அவர் எழுதியது இதை வைத்துத்தானே? வலி இல்லாமல் இருப்பது நல்லது, அதை அனுபவிக்க யாரும் இல்லாவிட்டாலும் நல்லது. இன்பம் இல்லாமல் இருப்பது கெட்டதல்ல, அதை இழப்பதற்கு ஒருவர் இருந்தாலொழிய. ஆகவே பிறக்காமல் இருப்பதே மேல். சூனியவாதத்தில் இருந்து என்னை இறக்கி இந்தப் படியில் நிறுத்தியிருக்கிறீர்கள்.

மணிபல்லவம்:

‘மரணக் கேள்விகள்’ என்று பொருள்படும் தலைப்பில் 1979இல் வந்த நேகலின் தொகுப்பில் இருக்கிறது. என்னிடம் பிரதி உண்டு, தனிமடல் போடுங்கள்.

பெனட்டாருக்கு வேறு இழை திறவுங்கள். அந்தச் சமச்சீரின்மை வாதத்தில் இரண்டாவது படியை நான் அப்படியே ஒத்துக்கொள்ளப்போவதில்லை.

கொட்டாஞ்சேனையான்:

திற தம்பி. ஆனால் சனி ஞாயிறு வேண்டாம், பேரப்பிள்ளைகள் வருகிறார்கள். பிறக்காமல் இருப்பதே மேல் என்ற தலைப்பை அவர்கள் என் தோளுக்கு மேலால் எட்டி வாசித்தால் நான் என்ன சொல்கிறது?